பெயர்பெற்ற சேகரிப்புகளில் இருந்து வந்த நாணயங்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பழைய பெரிய சேகரிப்பு ஒன்றில் ஒருகாலத்தில் இருந்த நாணயம் உங்களிடம் இருக்கிறதா? இல்லை, அப்படி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்த அனுபவமாவது உண்டா? எழுதுங்கள். என்ன விலை கொடுத்தீர்கள் என்பது வேண்டாம். யாரிடமிருந்து யாரிடம் போனது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், தெரிந்த பிறகு அந்த நாணயத்தைப் பார்க்கிற பார்வை மாறியதா, அதைச் சொல்லுங்கள்.

நானே தொடங்குகிறேன். என்னிடம் பழங்காலக் கிரேக்க நகரமான லாரிசாவின் வெள்ளி டிராக்மா நாணயம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் தலையைத் தாழ்த்தி மேயும் குதிரை. வாங்கும்போது "பழைய சேகரிப்பு" என்று மட்டும் சொன்னார்கள். அது எந்தச் சேகரிப்பு என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. பழைய ஏலப் பட்டியல்கள் நிறைய இப்போது இணையத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். இரவில் உட்கார்ந்து படப்பக்கங்களாகப் புரட்டிக்கொண்டே போனேன். கையால் அடித்த நாணயங்களில் ஒரு வசதி உண்டு: ஒன்றைப் போல இன்னொன்று இருக்கவே இருக்காது. என் காசில் குதிரையின் பின்னங்கால் விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கும், அதன் மேலே மயிரிழை போல ஒரு விரிசல். அதே வெட்டும் அதே விரிசலும் 1921-இல் நவீல் நிறுவனம் நடத்திய போஸி சேகரிப்பு ஏலத்தின் பட்டியலில் இருந்தன. அந்தக் காலத்தில் நாணயத்தை நேரடியாகப் படம் எடுக்காமல், பிளாஸ்டர் அச்சு எடுத்து அதைத்தான் படம் பிடிப்பார்கள். பளபளப்பு கண்ணை மறைக்காது, விளிம்பின் வடிவம் அப்படியே பதிந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய வண்ணப் படத்தைவிட அதுதான் நல்லது என்பேன்.

சாமுவேல் போஸி பாரிஸில் பேர்போன அறுவைச் சிகிச்சை மருத்துவர். சிவப்பு அங்கியில் அவர் நிற்கும் ஓவியத்தை ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1881-இல் வரைந்தார். 1918-இல் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவரே அவரைச் சுட்டுக் கொன்றார். அதற்குப் பிறகுதான் அவருடைய கிரேக்க நாணயங்கள் ஏலத்துக்கு வந்தன. சார்ஜென்ட்டின் ஓவியத்தில் அவருடைய நீண்ட விரல்கள்தான் முதலில் கண்ணில் படும். அந்த விரல்கள் என் குதிரையைப் பிடித்திருக்கின்றன. இந்தக் காசுக்கு ஏறக்குறைய 2,400 வயது. அதில் கடைசி நூறு வருடத்தில் மட்டும் யார் கையில் இருந்தது என்று தெரிகிறது. அந்தக் கொஞ்சமே எனக்குப் பெரிய சந்தோஷம்.

* * *

அருமையான தொடக்கம். என் கதை அவ்வளவு பழையது இல்லை. என்னிடம் இருப்பது எரிக் நியூமனிடம் இருந்த ஓர் அமெரிக்கச் செப்புக்காசு. அரிய வகைகூட இல்லை. ஆனால் அது ஒரு சின்னக் காகித உறையோடு வந்தது. உறையில் அந்தக் காசு என்ன வகை, எங்கிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் குறித்திருக்கிறது. காசைவிட உறையைத்தான் நான் அதிகம் எடுத்துப் பார்க்கிறேன் என்றால் நம்புவீர்களா!

நியூமன் 1911-இல் பிறந்து 2017 வரை, 106 வயது வரை வாழ்ந்தவர். பத்து வயதுக்குள்ளேயே நாணயம் சேர்க்கத் தொடங்கியவர். கர்னல் கிரீன் என்ற பெரும் பணக்காரர் 1936-இல் இறந்தபோது அவருடைய சேகரிப்பு மலைபோலக் குவிந்து கிடந்தது. அதிலிருந்து நியூமனும் பி. ஜி. ஜான்சன் என்ற நாணய வணிகரும் சேர்ந்து நிறைய வாங்கினார்கள். உலகத்திலேயே ஐந்துதான் இருக்கின்றன என்று சொல்லப்படும் 1913 லிபர்ட்டி நிக்கல் என்ற ஐந்து சென்ட் காசு, ஐந்தும் ஒரே ஆளிடம், அந்தக் கிரீனிடம் இருந்தது. பிறகு அந்த ஐந்தும் நியூமன், ஜான்சன் வழியாகத்தான் பிரிந்து போயின.

நியூமனின் வெள்ளிக்காசுகளில் நீலமும் பொன்னிறமுமாக ஒரு டோனிங் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துக் காகித உறையில் இருந்த கந்தகம் பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல வேலை செய்து வந்த நிறம் அது. அதாவது அவர் பத்திரப்படுத்திய முறையே காசின் மேல் பதிந்திருக்கிறது. இதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம். நாணயத்தைத் தரச்சான்றுக்கு அனுப்பி ஸ்லாப்பில், அதாவது மூடி ஒட்டிய பிளாஸ்டிக் பேழையில் போட்டதும் பலர் உறையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஸ்லாப் லேபிளில் "நியூமன்" என்று அச்சிட்டிருக்கிறதே, போதாதா என்பார்கள். போதாது. லேபிளை அடித்தது இயந்திரம். உறையில் இருப்பது அவர் எழுதி வைத்த குறிப்பு.

* * *

மாற்றுக் கருத்து சொல்லலாம்தானே? நாணயத்தை வாங்குங்கள், பெயரை வாங்காதீர்கள். ஒரு கண்காட்சியில் ஒரே ஆண்டு, ஒரே வகை வெள்ளி டாலர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயருள்ளதில் அச்சு சுமாராகத்தான் விழுந்திருந்தது, கழுகின் மார்பில் இறகே தெரியவில்லை. பெயர் இல்லாதது கூர்மையாக, அழகாக இருந்தது. விற்பவர் பெயருள்ளதற்குத்தான் அதிகம் கேட்டார். நான் பெயர் இல்லாததை எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. பெரிய பெயர் என்றால் நல்ல பராமரிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. எகிப்து மன்னர் ஃபாரூக்கைவிடப் பெரிய பெயர் வேண்டுமா? அவரிடம் இருந்த எத்தனையோ நாணயங்கள் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டும் அரக்கு பூசப்பட்டும் கெட்டுப்போயின.

* * *

மேலே சொன்னதில் பாதி சரி. ஃபாரூக் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் சில பெயர்கள் தரத்துக்குக் காரணமாகவே இருக்கின்றன. லூயிஸ் எலியாஸ்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பால்டிமோரில் நிதித்தொழில் செய்தவர். அமெரிக்க நாணயங்களில் அன்றைக்குத் தெரிந்த எல்லா ஆண்டுகளையும் எல்லா அச்சுச்சாலைக் குறிகளையும் 1950-இல் நிறைவு செய்தார். கடைசியாகக் கிடைத்தது 1873-ஆம் ஆண்டு கார்சன் சிட்டியில் அடித்த, அம்புக்குறி இல்லாத டைம், அதாவது பத்து சென்ட் காசு. ஒன்றே ஒன்றுதான் இருப்பதாகத் தெரிந்த காசு. அவருடைய சேகரிப்பின் அடித்தளம் 1942-இல் அவர் 1,00,000 டாலருக்கு மொத்தமாக வாங்கிய கிளாப் சேகரிப்பு. கிளாப் குடும்பம் என்ன செய்தது தெரியுமா? 1890-களில் அச்சுச்சாலைகளுக்கே எழுதிப் புதுக்காசுகளை நேரடியாக வரவழைத்தது. அந்தக் காசுகள் ஒருநாள்கூடச் சந்தையில் புழங்கவில்லை. அச்சுச்சாலையிலிருந்து கிளாப்பிடம், கிளாப்பிடமிருந்து எலியாஸ்பர்க்கிடம், அங்கிருந்து 1996, 1997 ஏலங்களுக்கு. அந்தக் கால் டாலர்கள் இன்னும் அன்று அடித்ததுபோல இருப்பது அதனால்தான்.

அவற்றில் ஒன்றை ஒரு நண்பர் என் கையில் கொடுத்தார். சரித்துப் பிடித்தேன், ஒளி காசு முழுக்கச் சுற்றிச் சுழன்று வந்தது. இங்கே பெயர் வெறும் அலங்காரம் இல்லை. இந்தக் காசு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கான விளக்கமே அந்தப் பெயர்தான்.

* * *

விளக்கம் உண்மையாக இருக்கும்வரை சரி. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், யார் என்று சொல்லப்போவதில்லை. ஒரு ரோமானியத் தங்கக்காசு விற்பனைக்கு வந்தது. "1960-களுக்கு முந்தைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்று போட்டிருந்தார்கள். பட்டியல் எண் கேட்டேன், இல்லை. பழைய சீட்டு கேட்டேன், தொலைந்துவிட்டதாம். ரசீது? குடும்பம் பெயர் வெளியே வர விரும்பவில்லையாம். ஒவ்வொன்றும் தனித்தனியாக நம்பக்கூடிய காரணம்தான். எல்லாம் ஒரே காசுக்குச் சேர்ந்து வந்ததும் நான் விலகிவிட்டேன்.

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. சீசரைக் கொன்ற நாளைக் குறிக்க புரூட்டஸ் வெளியிட்ட காசு உங்களுக்குத் தெரியும்: இரண்டு குறுவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமையின் தொப்பி. அதன் தங்க வடிவம் ஒன்று 2020-இல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கும் மேலே போனது. அதற்குச் சொல்லப்பட்ட பூர்வீகம் பொய் என்று பிறகு தெரியவந்து, 2023-இல் அந்தக் காசு கிரீஸ் நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. யோசித்துப் பாருங்கள், காசு பொய் இல்லை. கதை பொய். தோண்டித் திருடிய காசுக்குப் பழைய சேகரிப்பாளர் பெயர் ஒரு முகமூடி. பழங்காலக் காசுகளில் பூர்வீகம் என்பது பெருமைக்காக மட்டும் இல்லை. அது உங்களிடம் இருப்பது நியாயமானதுதானா என்கிற கேள்விக்கும் அதுதான் பதில். அச்சிட்ட பட்டியலில் படம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முதலில் எழுதியவரின் குதிரைக்கு அது இருக்கிறது, அதனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

* * *

மன்னர்கள், கோடீசுவரர்கள் கதையாகவே போகிறதே, ஒரு சம்பளக்காரர் கதையும் இருக்கட்டும். ஜான் ஜே பிட்மன். கோடாக் நிறுவனத்தில் வேதிப் பொறியாளர். 1952-இல் ஃபாரூக் பதவி இழந்த பிறகு, 1954-இல் கெய்ரோ அரண்மனையிலேயே அவருடைய சேகரிப்பை ஏலம் விட்டார்கள். அந்த ஏலத்துக்குப் போக பிட்மன் வீட்டின் மேல் கடன் வாங்கினார். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது! அங்கே பல காசுகளை ஒன்றாகக் கட்டி, சரியான விவரம்கூட இல்லாமல் ஒரே தொகுப்பாக விற்றார்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அது பொக்கிஷம். பிட்மனுக்குத் தெரிந்திருந்தது. அவர் 1996-இல் மறைந்த பிறகு அவருடைய நாணயங்கள் 3 கோடி டாலருக்கு மேல் விற்றன. படிப்பும் கண்ணும் இருந்தால் சாதாரண மனிதனின் பெயரும் ஸ்லாப் லேபிளில் ஏறும் என்பதால் எனக்கு எந்த மன்னர் பெயரைவிடவும் பிட்மன் பெயர்தான் பிடிக்கும். அவரிடம் இருந்த காசு இதுவரை எனக்கு வாய்க்கவில்லை. ஏலத்துக்கு முன்னால் பார்வைக்கு வைத்திருந்தபோது ஒன்றை ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை.

அதே கெய்ரோ ஏலத்தில் இருந்துதான் ஃபாரூக்கின் 1933 இருபது டாலர் தங்கக்காசு அமெரிக்க அரசின் வேண்டுகோளால் விலக்கப்பட்டு, காணாமலும் போனது. அந்த ஆண்டுக் காசுகளை அரசு புழக்கத்துக்கு விடாமல் உருக்கிவிட்டிருந்தது, தப்பியதை வைத்திருப்பது சட்டவிரோதம் என்றது. நாற்பது வருடம் கழித்து, 1996-இல் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் அதிகாரிகள் ஒரு 1933 காசைக் கைப்பற்றினார்கள். அது ஃபாரூக்கிடம் இருந்ததுதான் என்பதே வழக்கில் முக்கியமான வாதம். ஏனென்றால் 1944-இல் அதை வெளியே கொண்டுபோக அரசே உரிமம் கொடுத்திருந்தது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் காசு உருக்கப்பட்டிருக்கவும் கூடும். பெயர் இருந்ததால் 2002-இல் சட்டப்படி ஏலத்துக்கு வந்தது.

* * *

எல்லாவற்றையும் படித்தேன். நான் புதியவன். குடும்பப் பெரியவர் ஒருவர் விட்டுச்சென்ற பெட்டியில் அலெக்சாந்தர் வெள்ளி டிராக்மா ஒன்று இருக்கிறது. சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்கிளிஸ் தலை. அடியில் வட்டமாக வெட்டிய ஒரு சீட்டு. பெயர் எதுவும் இல்லை. இரண்டு எழுத்தும், ஓர் எண்ணும், கீழே "66" என்றும் இருக்கிறது. வேண்டாத காகிதம் என்று எறியப் போனேன், நல்லவேளை இங்கே வந்து படித்தேன். இதிலிருந்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

* * *

எறியாதீர்கள்! பழைய சேகரிப்பாளர்கள் மகோகனி மரப்பெட்டியில் இழுப்பறை செய்து, ஒவ்வொரு காசுக்கும் வட்டக்குழி வெட்டி வைப்பார்கள். ஓக் மரத்தின் அமில ஆவி உலோகத்தை அரிக்கும், அதனால் மகோகனி. சீட்டு குழிக்குள் காசுக்கு அடியில் கிடக்க வேண்டும் என்பதால்தான் வட்டமாக வெட்டினார்கள்.

"66" பெரும்பாலும் எடை, கிரெயின் கணக்கில். ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம். 66 கிரெயின் என்றால் ஏறக்குறைய 4.28 கிராம். நல்ல அலெக்சாந்தர் டிராக்மாவுக்குப் பொருந்துகிற எடைதான். சீட்டுகள் ஒரு காசிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப்போவது சகஜம் என்பதால் முதலில் இதை உறுதி செய்யுங்கள். இரண்டு தசமம் காட்டுகிற சின்னத் தராசு போதும். காசைத் தேய்க்காமல், கழுவாமல் வையுங்கள். எடை ஒத்துவந்தால் சீட்டின் இரண்டு பக்கத்தையும் பெரிதாகப் படம் எடுத்துப் போடுங்கள், மையின் நிறம் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில். அந்த இரண்டு எழுத்து ஒரு வணிகரின் விலைக்குறியாக இருக்கலாம், சேகரிப்பாளரின் பெயர்ச் சுருக்கமாகவும் இருக்கலாம். கையெழுத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். என்னிடம் பழைய சீட்டுகளின் படங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன்.