உபுண்டு மேம்படுத்திய பிறகு ஸ்டிக்கர் வெட்டும் செயலி திறக்கவில்லை: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லை என்கிறது

தண்ணீர்மலை (பினாங்கு) எழுதியது:

வணக்கம். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் சிறிய அச்சுக்கடை வைத்திருக்கிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் அறிவிப்பு, ஸ்டிக்கர் என்று வேலை ஓடுகிறது. தைப்பூசத்துக்குப் பதினொரு நாள்தான் இருக்கிறது. தண்ணீர்ப் பந்தல் ஒன்றுக்கு வேல் வடிவில் 600 ஸ்டிக்கர் வெட்டித் தருவதாகச் சொல்லி, 200 வெள்ளி (ரிங்கிட்) முன்பணமும் வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தபோது கணினியின் இயங்குதளத்தை உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மேம்படுத்தினேன். கடைசியில், இனித் தேவைப்படாத தொகுப்புகளை நீக்கலாமா என்று கேட்டது. ஆம் என்றேன். மறுநாள் காலை வெட்டும் இயந்திரத்தின் செயலியைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை. சாளரமும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. சிவப்பு வினைல் சுருள் மாட்டியது மாட்டியபடி, கத்தி இடது ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது.

முனையத்தை (கட்டளை தட்டும் சாளரத்தை) திறந்து, செயலியின் அடைவுக்குப் போய் இயக்கிய பிறகுதான் விவரம் தெரிந்தது: பகிர்வு நூலகங்களை (பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் கோப்புகளை) ஏற்றுவதில் பிழை, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்ற கோப்பு இல்லை. இணையத்தில் ஒருவர் சொல்லியிருந்தபடி, கணினியில் இருக்கும் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்குப் பழைய பெயரில் ஒரு குறியிணைப்பு (வேறு கோப்பைச் சுட்டும் வெறும் பெயர்) போட்டேன். அடுத்து லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1 இல்லை என்றது. அதற்கும் அப்படியே போட்டேன். பிறகு லிப்வெப்பி.எஸ்ஓ.6 இல்லை என்றது. அதற்கும் எண் 7 உள்ள கோப்பைக் காட்டி ஓர் இணைப்பு போட்டேன். இப்போது 'ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0' என்ற பதிப்பு காணவில்லை என்கிறது.

இயந்திரத்தை விற்றவர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. செயலியின் கடைசிப் பதிப்பு 2019-இல் வந்தது. பழைய உபுண்டுவையே மறுபடி நிறுவுவதுதான் வழியா? கடைக் கணக்கு முழுவதும் இதே கணினியில் இருப்பதால் கைவைக்கப் பயமாக இருக்கிறது.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்) எழுதியது:

அக்கா, போன மாதம் எனக்கும் இதே செய்தி வந்தது. மூல நிரலிலிருந்து நானே தொகுத்து நிறுவிய நூலகம். யூஎஸ்ஆர், லோக்கல், லிப் அடைவில் கோப்பு கண்முன்னே இருக்கிறது. செயலியோ இல்லை என்று சாதிக்கிறது. நிர்வாகி உரிமையோடு 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை ஒருமுறை ஓட்டினேன், சரியாகிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள்.

பாலத்துக்கு அப்பால் (பட்டர்வொர்த்) எழுதியது:

தம்பி சொல்வது அவருடைய கணினிக்குச் சரியான மருந்து. அம்மாவின் கணினிக்கு வந்திருக்கும் நோய் வேறு. எல்டிகான்ஃபிக், வட்டில் ஏற்கெனவே இருக்கும் நூலகங்களின் பட்டியலைப் புதுப்பிக்கும். செயலிக்கு நூலகங்களை எடுத்துத் தரும் நிரல் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தேடுகிறது. வட்டிலேயே இல்லாததை அந்தக் கட்டளை எங்கிருந்து கொண்டுவரும்?

அம்மா, பழைய உபுண்டுவுக்குப் போக வேண்டாம். 20.04-இன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. கணக்கு இருக்கும் கணினியை அங்கே திருப்பி அனுப்பாதீர்கள்.

முதலில் அந்த மூன்று குறியிணைப்புகளையும் அழித்துவிடுங்கள். இந்த யோசனையை யாராவது எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எத்தனை பேருடைய நாளை இது வீணாக்குகிறது! பெயரின் வாலில் இருக்கும் 1.1, 3 என்ற எண்கள் அழகுக்கு வைத்தவை அல்ல. உள்ளே இருக்கும் செயற்கூறுகள் (செயலி கூப்பிட்டுப் பயன்படுத்தும் சிறு நிரல்கள்) பழைய செயலிகளோடு ஒத்துப்போகாத அளவுக்கு மாறும்போதுதான் அந்த எண்ணை மாற்றுகிறார்கள். வாசலில் எண் பலகையை மாற்றி மாட்டினால் வீட்டுக்குள் இருப்பவர் மாறிவிடுவாரா? உங்கள் செயலி உள்ளே போய் 1.1-இன் ஆளைக் கேட்டது, 3-இன் ஆள் வந்து நின்றார். நல்லவேளையாக, லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ இரண்டையும் தரும் ஓப்பன்எஸ்எஸ்எல் ஒவ்வொரு செயற்கூறிலும் பதிப்பு முத்திரை குத்தி வைத்திருப்பதால் அங்கேயே நின்றது. முத்திரை இல்லாத நூலகமாக இருந்தால் செயலி திறந்திருக்கும். பாதி வேலையில் விழுந்திருக்கும்.

ஒரு தகவல் மட்டும் அதனால் கிடைத்தது. 64 பிட் நூலகத்தை ஏற்றிய பிறகே பதிப்பைக் கேட்டிருக்கிறது, ஆகவே செயலியும் 64 பிட். 32 பிட் தொகுப்புகளைத் தேடி அலைய வேண்டாம்.

இப்போது முனையத்தில் 'எல்டிடி' என்று எழுதி, இடைவெளி விட்டு, செயலிக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். பிழைச் செய்தி கண்ணில் பட்ட முதல் குறையோடு நின்றுவிடும். எல்டிடி எல்லாக் குறைகளையும் சொல்லும். எந்த வரிகளில் 'நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது என எழுதுங்கள். எங்கிருந்தோ வந்த, நம்பிக்கையில்லாத கோப்பின் மேல் எல்டிடியை ஓட்டக் கூடாது. சில வேளைகளில் அது அந்தக் கோப்பையே இயக்கிவிடும். உங்களுடையது பல ஆண்டுகள் பழகிய செயலி, பரவாயில்லை.

தண்ணீர்மலை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. இணைப்புகளை அழித்துவிட்டேன். எல்டிடி மூன்று வரிகளில் இல்லை என்கிறது: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1, லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1, லிப்வெப்பி.எஸ்ஓ.6. மூன்றாவது என்னவென்றே எனக்குத் தெரியவில்லை.

பாலத்துக்கு அப்பால் எழுதியது:

அது வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் நூலகம். 20.04-இல் எண் 6, 22.04-இல் எண் 7. மூன்றும் 'தேவைப்படாதவை' என்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டன. உபுண்டுவின் கணக்கில் அது சரிதான்: உங்கள் செயலி தொகுப்பாக நிறுவப்படாததால், அதற்கு இவை தேவை என்று உபுண்டுவுக்குத் தெரிய வழியில்லை.

உபுண்டுவின் தொகுப்புத் தளத்தில் 20.04-க்கு 'ஃபோக்கல்' என்று பெயர். அங்கே லிப்எஸ்எஸ்எல்1.1, லிப்வெப்பி6 ஆகிய இரண்டின் கடைசித் திருத்தப் பதிப்புகளைத் தரவிறக்குங்கள். லிப்கிரிப்டோ முதல் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. லிப்வெப்பியில் 2023-இல் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டது, அதனால் திருத்தப்பட்டதையே எடுக்க வேண்டும். நிறுவாதீர்கள். 'டிபிகேஜி-டெப்' கட்டளைக்கு 'எக்ஸ்' விருப்பத்தைக் கொடுத்தால் பொதியைப் பிரித்து மட்டும் வைக்கும். உள்ளிருந்து அந்த மூன்று நூலகங்களை எடுத்து, செயலியின் அடைவுக்குள் 'பழைய-நூலகம்' என்று ஓர் அடைவு செய்து அதில் போடுங்கள்.

பிறகு ஒரு சிறிய தொடக்க நிரல் எழுதுங்கள். எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியில் அந்த அடைவின் முழுப் பாதையை 'எக்ஸ்போர்ட்' கட்டளையோடு வைத்துவிட்டு, அடுத்த வரியில் செயலியை இயக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த மாறியை உங்கள் பயனர் அமைப்புக் கோப்பில் எழுதிவிடாதீர்கள். மற்றச் செயலிகளும் பழைய நூலகத்தை முதலில் எடுக்கத் தொடங்கிவிடும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு அதை உருவாக்கியவர்களின் பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-இல் முடிந்துவிட்டது. இந்தச் செயலி இணையத்தோடு பேசத் தேவையில்லை என்றால், வெட்டும் நேரத்தில் இணையக் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

தண்ணீர்மலை எழுதியது:

ஐயா, திறந்துவிட்டது! எல்டிடி கொடுத்தபோது முதலில் மூன்றும் இல்லை என்றே வந்தது, நெஞ்சு அடைத்தது. அதே முனையத்தில் மாறியை வைத்துவிட்டுக் கொடுத்ததும் மூன்றுக்கும் பாதை காட்டியது. முகப்பில் இருந்த சின்னம் மட்டும் பழைய கோப்பையே அழைத்துக்கொண்டிருந்தது. அதைத் தொடக்க நிரலுக்கு மாற்றினேன்.

தொடங்கும்போது ஒருமுறை மட்டும் உரிமத்தைச் சரிபார்க்க இணையம் கேட்கிறது. அது முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிட்டேன், வெட்டுவதற்குத் தடையில்லை. பத்தரை மணிக்கு முதல் வேல் வெட்டியாயிற்று. கூர் முனை கிழியாமல் தாளிலிருந்து உரிந்து வந்தது. இன்னும் 599 இருக்கின்றன.

செந்தூல்வாசி எழுதியது:

அக்கா, அந்த அடைவையும் தொடக்க நிரலையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். எந்தக் கோப்பு எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்றும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். 24.04-க்குப் போகும்போது இதே வேலை மறுபடியும் வரலாம்.