தங்கச்சிமடம் வீட்டுக் குழு: ஜெனியின் வெர்செய்ல்ஸ் கேள்வி

ஜெனி: பெரியப்பா, முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனியோடு போட்ட வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை நியாயமா என்று நாளை வகுப்பில் மூன்று நிமிஷம் பேச வேண்டும். புத்தகத்தில் ஷரத்துகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

லூர்து பெரியப்பா: இடத்திலிருந்து தொடங்கும்மா. 1919 ஜூன் 28 அன்று ஜெர்மனி கையெழுத்துப் போட்டது வெர்செய்ல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில். 1871இல் பிரான்ஸைத் தோற்கடித்த கையோடு ஜெர்மன் பேரரசை அறிவித்ததும் அதே மண்டபத்தில்தான். பிரான்ஸ் அதை மறக்கவில்லை.

அந்தோணி சித்தப்பா: அண்ணே, ஜெர்மன் படை பின்வாங்கும்போது வடக்கு பிரான்ஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் தண்ணீரை விட்டு நாசம் செய்துவிட்டுத்தானே போனது? நஷ்டஈடு கேட்டது எப்படித் தப்பாகும்?

லூர்து பெரியப்பா: கேட்டது தப்பில்லை தம்பி, கேட்ட விதம்தான் தப்பு. பேச்சுவார்த்தையில் ஜெர்மன்காரர்களை உட்கார வைக்கவே இல்லை. எழுதி முடித்ததை மே 7 அன்று கையில் கொடுத்து, ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். 231ஆவது பிரிவில், நடந்த இழப்புக்கெல்லாம் ஜெர்மனியும் கூட்டாளிகளும்தான் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள், ஆனால் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அன்றைக்கு எழுதவில்லை. 1921இல்தான் 13,200 கோடி தங்க மார்க் என்று வந்தது. தொகை போடாத பத்திரத்தில் யாராவது கையெழுத்துப் போடுவார்களா? 1918 நவம்பரில் சண்டை நின்றும், ஜெர்மனிக்குச் சாப்பாடு போகாமல் தடுத்த கடல் முற்றுகையை 1919 ஜூலை வரை முழுதாக எடுக்கவில்லை. பசியில் கிடந்த ஜனம் போட்ட கையெழுத்து அது.

சகாயம் அத்தை: இதைப் படித்ததும் எனக்கு அப்பா காலத்து வலைத் தகராறுதான் ஞாபகம் வருகிறது. நம் வலையை அறுத்தது இன்னொரு படகுக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனுஷனை வேப்ப மரத்தடியில் நிற்க வைத்துவிட்டு உள்ளே அபராதம் பேசினார்கள். வல்லத்து இஞ்சினைக் கழற்றி விற்றுத்தான் கட்டினார். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி நம் வாசல் வழியாகக் கொண்டு போனார்கள், வழியெல்லாம் டீசல் சொட்டிக்கொண்டே போனது. அவர் மகன் என்னோடு ஐந்தாம் வகுப்பு. அதன் பிறகு என் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அடுத்த வருஷமே நம் வலை மறுபடி அறுபட்டது.

ஜெனி: அத்தை, இதை நீங்கள் சொன்னதே இல்லையே. பெரியப்பா, ஜெர்மனி அவ்வளவையும் கட்டியதா?

லூர்து பெரியப்பா: இல்லை. 1932இல் சுவிட்சர்லாந்தில் லோசான் மாநாட்டில் அநேகமாகக் கைவிட்டார்கள். ஆனால் அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடன் பத்திரங்களின் கடைசி வட்டி 2010 அக்டோபர் 3 அன்றுதான் தீர்ந்தது. அப்புறம் ஜெனி, ஜப்பானையும் சேர்த்துப் பேசு. 1951இல் சான் பிரான்சிஸ்கோவில், இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானோடு உடன்படிக்கை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட நாடு அது. அப்படியும் இலங்கை சார்பில் போன ஜெயவர்த்தனா, பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி நஷ்டஈடு வேண்டாம் என்றார். இந்தியா அந்த மாநாட்டுக்குப் போகாமல் 1952 ஜூன் 9 அன்று தனியாக ஒப்பந்தம் போட்டது, அதில் நாமும் நஷ்டஈட்டை விட்டுக்கொடுத்தோம்.

சகாயம் அத்தை: அதே ஜெயவர்த்தனா ஜனாதிபதியாக இருந்த 1983இல்தானே அண்ணா அங்கே தமிழர்களை அடித்து விரட்டினார்கள்? மண்டபம் அகதி முகாமுக்கு வந்தவர்களிடம் போய் இந்த வாக்கைச் சொல்ல முடியுமா?

லூர்து பெரியப்பா: முடியாது சகாயம். ஜப்பானிடம் காட்டிய மனசைச் சொந்த நாட்டுத் தமிழனிடம் அவர் காட்டவில்லை. அதை நானும் மன்னிக்கவில்லை. அதற்காக 1951இல் செய்தது தப்பு என்று ஆகிவிடாது, ஜெனி இரண்டையும் சொல்லட்டும்.

ஜெனி: சரி பெரியப்பா. அத்தை, நான் அந்த இஞ்சினில் இருந்தே தொடங்கட்டுமா?

சகாயம் அத்தை: தொடங்கு கண்ணு. பெயரை மட்டும் சொல்லிவிடாதே, அவர்கள் வீட்டுப் பேத்தியும் உன் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள்.