சிவப்பு லைட்டில் முகமே தெரியவில்லை, படத்தில் பட்டைக் கோடு வேறு: உதவி தேவை

முன்வரிசை_கேமரா:
வணக்கம். சென்னையில் நண்பர்களின் ராக் பேண்டை ஒரு வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். பெரிய மேடையெல்லாம் இல்லை. நூறு பேர் வந்தாலே மூச்சு முட்டும் ஹால், கூரையில் நான்கு எல்இடி லைட், அவ்வளவுதான். என்னிடம் இருப்பது சோனி ஏ6400, சிக்மா 30 மிமீ எஃப் 1.4 லென்ஸ். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/250 நொடி, ஜேபெக்.

போன சனிக்கிழமை 600 படம் எடுத்தேன். பேண்டிடம் கொடுக்கும்படி இருந்தவை 11. சிவப்பு லைட் விழும்போது பாடுபவரின் கண், மூக்கு எதுவும் பிரியவில்லை. குங்குமத்தைக் கரைத்து அப்பியது போல இருக்கிறது. கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரோ எக்ஸ்போஷர் சரி என்கிறது. நீல லைட்டிலும் இதே கதை. அதுபோக, பல படங்களில் குறுக்கே இருட்டும் வெளிச்சமுமாகப் பட்டைகள். நேரில் பார்க்கும்போது லைட் துடிப்பதாகத் தெரியவே இல்லை.

அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு அட்டைப்படம் இந்தப் படங்களிலிருந்துதான் எடுக்கப்போகிறார்கள். 15 நாளில் இன்னொரு ஷோ இருக்கிறது. புதுக் கேமரா வாங்க வழியில்லை.

மண்டபத்து_மாலை:
பட்டைக்கு மட்டும் சொல்கிறேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். கல்யாண மண்டபத்து டியூப்லைட்டுக்கு நான் அப்படித்தான் எடுப்பேன், கோடு வராது.

இருட்டறை:
மண்டபத்து மாலை சொன்னது டியூப்லைட்டுக்குச் சரி. மேடை எல்இடிக்கு அது நம்பகமில்லை. அந்த லைட்டுகளில் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு, நொடிக்குப் பல நூறு தடவை, சிலவற்றில் பல ஆயிரம் தடவை, அணைத்து அணைத்து எரிய வைப்பார்கள். அந்த வேகம் லைட்டுக்கு லைட் மாறும். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. மேலும் 1/50-இல் கிதார்காரர் தலையை ஆட்டினால் முகம் கலங்கிவிடும்.

தம்பி, ஒரு கேள்வி. சைலன்ட் ஷூட்டிங் ஆன் செய்து வைத்திருக்கிறீர்களா?

முன்வரிசை_கேமரா:
ஆமாம் அண்ணா. முதல் பாட்டு வெறும் அக்கூஸ்டிக் கிதார். ஷட்டர் சத்தம் கேட்கக்கூடாதே என்று போட்டேன், அப்புறம் மாற்றவே இல்லை.

இருட்டறை:
அதுதான் காரணம். சத்தமில்லாத ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுகிறது. மெக்கானிக்கல் ஷட்டர் திரை கடந்துபோகும் நேரத்தைவிட இதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் லைட் பலமுறை அணைந்து எரிந்துவிடுகிறது. எரியும்போது படித்த வரி வெளிச்சம், அணைந்தபோது படித்த வரி இருட்டு. மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். 1/250-இல் அப்போதும் லேசாகக் கோடு தெரிந்தால் 1/160, 1/125 என்று இறக்கிப் பாருங்கள். மென்மையான பாட்டில் இரண்டு பல்லவிக்கு நடுவே நான்கு கிளிக் போதும். டிரம்ஸ் தொடங்கிவிட்டால் உங்கள் ஷட்டர் யார் காதிலும் விழாது.

அடுத்து சிவப்பு. இதில்தான் நிறையப் பேர் கேமராவைக் குறை சொல்லிவிட்டுக் காசைக் கரைக்கிறார்கள். உங்கள் சென்சாரில் 2.4 கோடி புள்ளிகள். அவற்றில் பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். தனிச் சிவப்பு லைட்டில் வேலை செய்வது அந்தக் கால் பங்கு, ஏறத்தாழ 60 லட்சம் புள்ளிகள் மட்டும்தான். பச்சையும் நீலமும் ஏறக்குறைய வெறுமையாக இருப்பதால், மொத்தத்தில் படம் இருட்டு என்று மீட்டர் ஏமாறுகிறது. வெளிச்சத்தைக் கூட்டுகிறது. சிவப்பு மட்டும் பொங்கி வழிந்துவிடுகிறது. வழிந்த இடத்தில் கன்னமும் மூக்கும் ஒரே எண்தான். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

அதனால் மேனுவலில் எடுங்கள். எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும்போது மூன்று நிற ஹிஸ்டோகிராமும் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளி என்று காட்டும் வரைபடம்) வரும் திரையை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மலை வலது ஓரத்தில் முட்டினால் ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள்; போதாவிட்டால் இன்னொன்று. படம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஜேபெக்கை விட்டு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புக்கு வந்தே ஆக வேண்டும். வீட்டில் திறந்து சிவப்பின் செறிவைக் குறைத்தால் முகம் மெல்ல வெளியே வரும். அதுவும் பிடிக்கவில்லையா, கறுப்பு வெள்ளையாக்குங்கள். அப்போது சிவப்பு சேனலை ஏற்றி, பச்சையையும் நீலத்தையும் இறக்குங்கள். இரைச்சல் பெரும்பாலும் அந்த வெறும் சேனல்களில்தான் இருக்கிறது.

அடையாறு_பாஸ்:
நான் மேடையில் நிற்கும் ஆள். சென்னை அன்வைண்ட் சென்டரின் ஜூன் ராக் அவுட் என்ற ராக் இசை விழாவைப் பார்த்து வளர்ந்தவன். என் பங்குக்கு இரண்டு விஷயம்.

சவுண்ட் செக் நேரத்துக்கே போய்விடுங்கள். லைட் போடும் அண்ணனிடம் செட்லிஸ்ட்டை (அன்றைய பாட்டு வரிசை) காட்டி, "எந்தப் பாட்டில் வெள்ளை அடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கோரஸ் வெடிக்கும் இடத்தில் அடிப்பார்கள். பாட்டு தெரிந்தவருக்கு அந்த நொடி எப்போது வரும் என்றும் தெரியும். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், எங்களுக்குக் கண் கூசி, விரல் வைக்கும் ஃப்ரெட் தெரியாமல் போகும்.

அடுத்தது உங்கள் காது. முன்வரிசை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், ஸ்பீக்கர் பக்கத்தில்தான் நிற்பீர்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நையோஷின் வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சின்ன ஹால் ராக் ஷோவில் 100 சாதாரணம். ஷோ முடிந்து காதில் விசில் அடிக்கிறதா? எனக்கு ஆறு வருடமாக நிற்காமல் அடிக்கிறது. தயவுசெய்து இயர்ப்ளக் போடுங்கள்.

பின்வரிசை_டிரம்ஸ்:
ஒரு வேண்டுகோள். பத்து வருடமாக வாசிக்கிறேன். என் முகம் தெரியும் மேடைப் படம் மூன்றுதான் இருக்கிறது. மற்றதிலெல்லாம் சிம்பலுக்குப் பின்னால் ஒரு முழங்கை. ஒரே ஒரு பாட்டுக்கு மேடையின் ஓரத்துக்கு, ஹைஹேட் (காலால் மிதிக்கும் ஜோடி சிம்பல்) இருக்கும் பக்கம் வாருங்கள். அங்கிருந்து பார்த்தால் நாங்களும் தெரிவோம்.

முன்வரிசை_கேமரா:
நேற்று ஷோ முடிந்தது. இயர்ப்ளக் போட்டிருந்தேன், இன்று காலை காதில் விசில் இல்லை. மெக்கானிக்கல் ஷட்டர், 1/160. பட்டை கிட்டத்தட்ட போய்விட்டது. 400 படத்தில் ஏழெட்டில் மட்டும் லேசாக இருக்கிறது. சிவப்பில் ஒன்றரை ஸ்டாப் குறைத்து ராவில் எடுத்தேன். பாடுபவரின் நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது. வெள்ளை எங்கே வரும் என்று லைட் அண்ணன் மூன்று இடம் சொன்னார். மூன்றிலும் எனக்குப் படம் கிடைத்தது.

ஐந்தாவது பாட்டுக்கு ஹைஹேட் பக்கம் போய் உட்கார்ந்தேன். டிரம்மரின் குச்சி மேலே, கண் மூடியிருக்கிறது, வாய் எண்ணிக்கொண்டிருக்கிறது. பேண்ட் அட்டைக்கு அதைத்தான் கேட்கிறார்கள்.

நீலத்தில் மட்டும் ஃபோகஸ் இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

இருட்டறை:
முகத்தில் தேட விடாதீர்கள். ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்து, பாடுபவர் வாயருகே இருக்கும் மைக்கின் விளிம்பைப் பிடியுங்கள். எஃப் 1.4-இல் மைக் கூர்மையாகி முகம் மங்கும், எஃப் 2.2-க்கு வாருங்கள். அந்த டிரம்ஸ் படத்தை இங்கேயும் போடுங்கள் தம்பி.