சனிக்கிழமை ஆட்டமும் 2016-இன் அந்த நான்காவது முயற்சியும்

நீலச்சோளம்:
நேற்று ஒஹாயோ ஸ்டேட் ரசிகர் ஒலன்டாஞ்சிக்கரை இங்கே இப்படி எழுதியிருந்தார்: "2021-இலிருந்து நடந்த நான்கையும் கணக்கில் சேர்க்க முடியாது. மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் நேர்மையாக மோதிய கடைசி நல்ல ஆட்டம் 2016." அந்த நான்கிலும் வென்றது நாங்கள், மிச்சிகன்; 2016-இல் வென்றது அவர்கள். நேர்மையாம்! படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2025 நவம்பர் 29 சனிக்கிழமை இந்த இரு அணிகளும் மோதும் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு முன்னோட்டம் எழுதத்தான் உட்கார்ந்தேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒஹாயோ ஸ்டேட் 11-0, அதாவது பதினொரு வெற்றி, தோல்வியே இல்லை, நாட்டிலேயே முதலிடம். இந்தப் பருவத்தில் அவர்களிடம் எந்த அணியும் 16 புள்ளிகளைத் தாண்டவில்லை. குவார்ட்டர்பேக் ஜூலியன் சயின் வீசும் பந்துகளில் பத்துக்கு ஏறத்தாழ எட்டு கைசேர்கின்றன. வாங்குவதற்கு ஜெரமையா ஸ்மித் இருக்கிறார். நாங்கள் 9-2, ஓக்லஹோமாவிடமும் யுஎஸ்சியிடமும் தோற்றவர்கள். எங்கள் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் முதலாண்டு மாணவர். காகிதத்தில் பார்த்தால் பேச்சே இல்லை. ஆனால் சென்ற ஆண்டும் காகிதம் அப்படித்தான் சொன்னது. அவர்கள் ஊரான கொலம்பஸில் பந்து வீசி நாங்கள் எடுத்தது வெறும் 62 கெஜம், வென்றது 13-10. இந்த ஆட்டத்தைத் தீர்மானிப்பது முன்வரிசைதான். பந்தைச் சுமந்து ஓடுவதில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே ஆட்டம். சனிக்கிழமை எங்கள் ஊரான ஆன் ஆர்பரில் லட்சம் பேருக்கு மேல் எங்கள் பக்கம் நிற்பார்கள்.

இனி 2016. சமநிலைக்குப் பின் வரும் கூடுதல் ஆட்டத்தில் (ஓவர்டைம்) இரண்டாவது சுற்று, நாங்கள் 27-24 முன்னிலை. பத்து கெஜம் கடக்கத் தரும் நான்கு முயற்சிகளில் அவர்களுக்கு அது நான்காவது, தேவை இன்னும் ஒரு கெஜம்; எட்டாவிட்டால் ஆட்டம் எங்களுடையது. அவர்கள் குவார்ட்டர்பேக் ஜே.டி.பாரெட் பந்தை வாங்கி இடப்பக்கம் ஓடினார், தம் அணிக்காரர் முதுகிலேயே முட்டிக்கொண்டார், அங்கேயே நிறுத்தப்பட்டார். பந்து 15-ஆம் கெஜக் கோட்டைத் தொடவில்லை. தொடவே இல்லை.

ஒலன்டாஞ்சிக்கரை:
ஒன்பது ஆண்டுகளாக அதே ஒப்பாரி. களத்தில் நின்ற நடுவர் தொட்டது என்றார். காணொளியைப் பார்த்தவர்களும் மாற்றவில்லை. அடுத்த முறையே எங்கள் கர்ட்டிஸ் சாமுவேல் 15 கெஜம் ஓடி, கோல் கோட்டைக் கடந்து டச் டவுன் போட்டார். 30-27. பலகையில் இருப்பது அதுதான்.

நீலச்சோளம்:
பலகையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஓவர்டைமில் பந்து 25-இல் தொடங்கும், பத்து கெஜம் போனால் 15. அது சுண்ணாம்பில் போட்ட கோடு, சங்கிலி கொண்டுவந்து அளக்கக்கூடத் தேவையில்லாத கோடு. பாரெட்டின் கையும் பந்தும் அந்தக் கோட்டுக்கு இப்பால் இருக்கும்போதே எங்கள் ஆள் இடித்துவிட்டார். ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பாருங்கள். தொடவில்லை.

விதிப்புத்தகம்:
இருவருக்கும் ஒரு சொல். பந்து வைக்கப்படுவது ஆட்டக்காரர் விழுந்த இடத்தில் அல்ல. தடுக்கப்படும் முன் அவர் எட்டிய அதிகபட்ச முன்னேற்றத்தில். மறுபரிசீலனையில் களத் தீர்ப்பை மாற்ற மறுக்க முடியாத காணொளிச் சான்று வேண்டும். ஆகவே 'தொட்டதா' என்பது ஒரு கேள்வி, 'மாற்றும் அளவுக்குச் சான்று இருந்ததா' என்பது வேறு கேள்வி. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

ஒலன்டாஞ்சிக்கரை:
தொட்டது.

நீலச்சோளம்:
தொடவில்லை. எங்கள் அன்றைய பயிற்சியாளர் ஜிம் ஹார்பா அன்று மாலையே அது ஃபர்ஸ்ட் டவுன் (பத்து கெஜத்தை எட்டிப் புது முயற்சிகள் பெறுவது) அல்ல என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். உண்மையைச் சொன்னதற்கு எங்கள் இரு அணிகளும் ஆடும் லீக்கான பிக் டென் அமைப்பு எங்கள் பல்கலைக்கழகத்திடமிருந்து 10,000 டாலர் பிடுங்கிக்கொண்டது.

ஒலன்டாஞ்சிக்கரை:
அந்த ஹார்பாதான் ஆட்டத்தின் நடுவிலேயே எல்லைக்கோட்டருகே ஆத்திரப்பட்டுத் தம் அணிக்கு அபராதம் வாங்கிக் கொடுத்தவர். 17-7 என்று நீங்கள் முன்னிலையில் இருந்தீர்கள் நண்பரே. கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் இருக்கும்போது பந்தைத் தவறவிட்டது நடுவரா, உங்கள் குவார்ட்டர்பேக் வில்டன் ஸ்பைட்டா? எங்கள் மாலிக் ஹூக்கரின் கையில் பந்தைக் கொடுத்து நேராக டச் டவுனுக்கு வழிவிட்டது யார்? அதையெல்லாம் விட்டுவிட்டு ஓர் அங்குலத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

நீலச்சோளம்:
உங்கள் உதையாளர் பக்கத்திலிருந்தே இரண்டு ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டார், அதை நான் பேசினேனா? எல்லா அணியும் தவறு செய்யும். ஆட்டக்காரர் தவறு வேறு, பந்தை இல்லாத இடத்தில் வைப்பது வேறு.

நிட்டனி மலை:
இந்த இரண்டு அணிகளும் தங்களைத் தவிர உலகில் வேறு யாரும் இல்லை என்று நினைப்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. 2016-இல் பிக் டென் பட்டம் வென்றது பென் ஸ்டேட். அதே ஒஹாயோ ஸ்டேட்டை அக்டோபரில் 24-21 என்று வீழ்த்தினோம், அவர்கள் உதைத்த ஃபீல்டு கோலைத் தடுத்து, அந்தப் பந்தையே எடுத்துக்கொண்டு ஓடி. அப்படியும் தேசியப் பட்டத்துக்கு மோதும் நால்வர் பட்டியலில் அவர்களைச் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. அங்கே போய் கிளெம்சனிடம் 31-0. அநியாயம் என்றால் அது அநியாயம்.

நீலச்சோளம்:
அதே ஆண்டு எங்களிடம் 49-10 வாங்கியதையும் சேர்த்து எழுதலாமே ஐயா.

நிட்டனி மலை:
பட்டம் எங்கள் அலமாரியில் இருக்கிறது. உங்கள் அலமாரியில் 2016-க்கு என்ன இருக்கிறது? பருவ முடிவில் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 33-32 தோல்வி.

ஒலன்டாஞ்சிக்கரை:
நிட்டனி மலை சொன்னதில் இந்தக் கடைசி வரி ஒன்றுதான் உருப்படி. நீலச்சோளத்திடம் கேட்கிறேன், நேர்மை பற்றிப் பேச உங்களுக்கு என்ன அருகதை? எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி, பயிற்சியாளர்கள் காட்டும் சைகைகளைப் படம்பிடித்த விவகாரத்துக்குக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ கடந்த ஆகஸ்டில்தானே கோடிக்கணக்கில் அபராதம் போட்டது? 2021, 2022, 2023 என்று மார்தட்டுகிறீர்களே, அந்தக் காலத்துக் கதைதானே அது?

நீலச்சோளம்:
2023-இல் விவகாரம் வெளியே வந்து, படம்பிடிக்க ஆள் அனுப்பியவரும் விலகி, ஹார்பா தடையில் வீட்டில் உட்கார்ந்திருக்க, துணைப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் பொறுப்பேற்று 30-24 என்று வென்றோம். 2024-இல் 13-10. அதற்கும் சைகைதான் காரணமா? 2021-இல் எங்கள் ஹசன் ஹாஸ்கின்ஸ் ஐந்து டச் டவுன் ஓடினாரே, எதிரே நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடினார். தெரிந்த சைகை யாரையும் தள்ளாது. கறை பற்றிப் பேசுவதானால் 2010-ஐப் பேசுவோம். மிச்சிகனை வென்றவர்களுக்குத் தரும் அந்தத் தங்கக் கால்சட்டைப் பதக்கத்தைக்கூட விற்ற ஆட்டக்காரர்களால் உங்கள் 37-7 வெற்றி ஏட்டிலிருந்தே அடிக்கப்பட்டது. நானாக இருந்தால் அந்தப் பதக்கத்தைச் சாகும்வரை விற்கமாட்டேன்.

ஒலன்டாஞ்சிக்கரை:
ஏட்டில் அடித்தால் நடந்தது இல்லை என்றாகுமா? 37-7 என்பதை லட்சம் பேர் கண்ணால் பார்த்தார்கள்.

நீலச்சோளம்:
நல்லது. ஏட்டில் இருப்பது வேறு, கண்ணால் பார்த்தது வேறு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 2016-இலும் கண்ணால் பார்த்ததைத்தான் நானும் சொல்கிறேன். தொடவில்லை.

ஒலன்டாஞ்சிக்கரை:
வார்த்தையைத் திரிக்காதீர்கள். நானும் பார்த்தேன். பந்தின் மூக்கு கோட்டில் இருந்தது. தொட்டது.

டொலிடோவாசி:
1835-இல் எங்கள் டொலிடோ ஊருக்காக மிச்சிகனும் ஒஹாயோவும் படை திரட்டியதிலிருந்தே இந்தப் பகை இருக்கிறது. அன்றும் எல்லைக்கோடு எங்கே என்பதுதான் சண்டை. கடைசியில் டொலிடோ ஒஹாயோவுக்கு வந்தது, மிச்சிகனுக்கு மேல் தீபகற்பம் கிடைத்தது.

நீலச்சோளம்:
அந்தத் தீபகற்பத்தில் செம்பும் இரும்பும் கிடைத்தன. லாபம் எங்களுக்குத்தான்.

டொலிடோவாசி:
அப்படியென்றால் ஊரை விட்டுக்கொடுத்தபோது அத்தனை புலம்பல் எதற்கு?

விதிப்புத்தகம்:
சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி யாராவது பேசுவீர்களா? சயினுக்கு அழுத்தம் கொடுக்க மிச்சிகன் நான்கு பேரை மட்டும் அனுப்பப் போகிறதா, கூடுதலாக ஆள் விடுமா? அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒலன்டாஞ்சிக்கரை:
எத்தனை பேரை அனுப்பினாலும் சயின் சமாளிப்பார். கடைசியாக ஆன் ஆர்பரில் நாங்கள் வென்றது 2019, 56-27. எங்கள் பயிற்சியாளர் ரையன் டே அதன் பிறகு வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. அந்த மனிதர் இந்த ஜனவரியில் தேசியப் பட்டத்தையே கொண்டுவந்தார், அப்போதும் இங்கே சிலர் 13-10 என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. அதை நான் மறக்கவில்லை. சனிக்கிழமை இரவு இதே இடத்தில் சந்திப்போம்.

நீலச்சோளம்:
நான்தான் எழுதினேன், பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு தோற்றவுடன் காணாமல் போய், பட்டம் வந்ததும் ஜனவரியில் தலைகாட்டியவர் எனக்குச் சந்திப்பு நேரம் குறிக்க வேண்டாம். தேசியப் பட்டம் உங்களுக்குப் பெரிதாக இருக்கலாம். இந்த ஆட்டத்தில் நான்கு முறை தொடர்ந்து தோற்றவருக்கு அது மருந்தாகாது.

ஒலன்டாஞ்சிக்கரை:
மருந்து தேவைப்படுவது உங்களுக்கு. சென்ற ஆண்டு வென்றதும், விருந்தாளியாக வந்த எங்கள் களத்தின் நடுவில் கொடி நட்டுக் கலவரம் செய்த கூட்டம்தானே.

நீலச்சோளம்:
அந்தக் கைகலப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம், எங்களுக்கு மட்டும் அல்ல. பேச்சை மாற்றாதீர்கள். பாரெட்டை எங்கள் ஆள் இடித்த கணத்தில் பந்து எந்தக் கையில் இருந்தது, கோட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஒலன்டாஞ்சிக்கரை:
30-27.