ஹெர்னியா ஆபரேஷனுக்கு நான்கு நாள் ஆன்டிபயாடிக் ஊசி: தேவையா, வழக்கமா?

பாளையங்கோட்டைக்காரன்:
போன மாதம் அப்பாவுக்கு (68 வயது) வலது பக்கக் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) மெஷ் என்கிற வலையை வைத்து ஆபரேஷன் நடந்தது. தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது. காய்ச்சலும் வரவில்லை. புண் நன்றாக ஆறிவிட்டது.

நேற்று இன்சூரன்ஸுக்காக மருந்து பில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம் எட்டு. மெட்ரோனிடசோல் 100 மில்லி பாட்டில் பன்னிரண்டு. டிஸ்சார்ஜ் அன்று செஃபிக்ஸைம் 200 மாத்திரை பத்து. மூன்றுமே ஆன்டிபயாடிக். ஆக நான்கு நாள் ஊசி, அதன்மேல் ஐந்து நாள் மாத்திரை. மூன்றாம் நாள் வென்ஃப்ளான் (ஊசி மருந்து ஏற்றும் குழாய்) போட்ட கை வீங்கிப்போய் அடுத்த கைக்கு மாற்றினார்கள். அன்றைக்கே வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தது, ஐந்தாறு தடவை. தையல் போட்ட இடத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையில் டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு அப்பா பாத்ரூமுக்குப் போனதை மறக்க முடியவில்லை.

பக்கத்து பெட்காரருக்குப் பித்தப்பைக் கல். அவருக்கும் இதே இரண்டு மருந்து. எதிர் பெட்டில் கால் முறிவு. அவருக்கும் செஃப்ட்ரியாக்ஸோன். மூன்று வேறு வியாதிக்கு ஒரே ஊசி எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு:
வணக்கம் சார். மதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பதினொரு வருஷமாக ஃபார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். பக்கத்து பெட்காரருக்குப் பித்தப்பையில் சீழ் இருந்தால் அந்த இரண்டு மருந்தும் சரிதான். கால் முறிவில் எலும்பு வெளியே தெரிந்திருந்தால் அதற்கும் காரணம் உண்டு. அப்பா விஷயம் வேறு.

ஹெர்னியா சுத்தமான ஆபரேஷன். அங்கே ஆன்டிபயாடிக் எதையும் குணப்படுத்தப் போவதில்லை. கீறும்போது தோலில் இருக்கும் கிருமி உள்ளே போனால் பிழைக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் நேரம்தான் முக்கியம். செஃபசோலின் 2 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள். ஆபரேஷன் நான்கு மணி நேரம் தாண்டினால் இன்னொரு டோஸ். முடிந்த பிறகும் நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. மெட்ரோனிடசோல், ஆக்சிஜன் இல்லாமல் வளரும் குடல் கிருமிகளுக்கான மருந்து. குடலையே திறக்காத இடத்தில் அதற்கு என்ன வேலை?

அப்புறம் ஏன் நான்கு நாள் என்றால், நான்கு நாள் என்று யாரும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள். முதல் நாள் ஒரு ஆர்டர் எழுதுவார்கள். மறுநாள் ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டில் மூன்றே எழுத்து: சி.எஸ்.டி. அதே சிகிச்சை தொடரட்டும் என்று அர்த்தம். அதற்கு மறுநாளும் சி.எஸ்.டி. வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் ஊசி நிற்கும், அதுவும் மாத்திரையாக மாறி கூடவே வரும். ஒரு தடவை ஒரே ஷீட்டில் ஒன்பது சி.எஸ்.டி. எண்ணினேன். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் நான்காம் நாளே வந்து அதே ஃபைலில் பின் அடித்து இருந்தது. போய்க்கொண்டிருந்த மருந்துக்கு நேரே ‘ஆர்’. அந்தக் கிருமி அதற்கு அசையாது. ஃபைலைப் புரட்டத்தான் ஆள் இல்லை.

தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22-ல் 20 பெரிய ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்தது. படுத்திருந்தவர்களில் ஏறத்தாழ 72 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்தது. பாதிக்கு மேல், நோய் வராமல் தடுக்க என்று கொடுத்தவை. நோய்க்கென்று கொடுத்த மீதியிலும், எந்தக் கிருமி என்று தெரிந்து கொடுத்தது சுமார் 6 சதவீதம். உங்கள் வார்டில் நீங்கள் பார்த்ததும் இதைத்தான்.

ஒன்று மட்டும். டாக்டர் எழுதியதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘இது எதற்கு, எத்தனை நாள்?’ என்று முதல் நாளே கேளுங்கள்.

கத்திக்காரர்:
நான் சர்ஜன், அரசு ஆஸ்பத்திரி. மேலே சொன்னது எல்லாம் சரி, பரீட்சையில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் மெஷ்ஷில் சீழ் பிடித்தால் அதைப் பிரித்து எடுக்க இன்னொரு ஆபரேஷன். அப்போது சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “ஊசிய ஏன் சார் சீக்கிரம் நிறுத்துனீங்க?” நிறுத்தாமல் விட்டதற்கு என்னிடம் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. இந்தத் திரிதான் முதல்.

இப்போது தைராய்டுக்கும் ஹெர்னியாவுக்கும் ஒரே டோஸோடு நிறுத்துகிறேன். மெஷ் வைத்த சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் இன்னும் மனசு வரவில்லை, ஒரு நாள் ஓட்டுகிறேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நைட்ஷிஃப்ட்:
ஊரில் ஆறு வருஷம் ஸ்டாஃப் நர்ஸ், இப்போது பர்மிங்ஹாமில். இங்கே ஆன்டிபயாடிக் எழுதினால் காரணமும் எழுத வேண்டும், 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்து வேண்டுமா வேண்டாமா என்றும் எழுத வேண்டும். விட்டுவிட்டால் வார்டு ஃபார்மசிஸ்ட் வந்து நிற்பார், பெரிய டாக்டராக இருந்தாலும். ஊரில் ராத்திரி இரண்டு மணி டோஸுக்காக எத்தனையோ பாட்டிகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறேன். எதற்கு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

பாளையங்கோட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ரிவ்யூ இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி டாக்டரிடமே கேட்டேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்க யூனிட்ல இதுதான் பழக்கம்” என்றார். மெட்ரோனிடசோலைப் பேனாவால் ஒரு சுழி சுழித்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். வயிற்றுப்போக்கு நிற்காததால் அப்பா செஃபிக்ஸைமில் நான்கு மாத்திரை சாப்பிடவில்லை. அம்மா அதைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். ஃபார்மசிஸ்ட் சார் எழுதியதைப் படித்துவிட்டுத் தேடிப் பார்த்தேன், இரண்டுதான் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா மகனுக்குச் சளி என்று கொடுத்தாளாம்.