டென்மார்க் போற தம்பிக்கு எந்த அடாப்டர்? பன்னிக்குட்டி ஹீட் லேம்ப் இங்க எரியுமா?

ஒகேனக்கல்_சாரல்
வணக்கம். தம்பி அடுத்த மாசம் டென்மார்க்ல ஒரு பன்னிப் பண்ணைக்கு 12 மாசப் பயிற்சிக்குப் போறான். லேப்டாப், ரெண்டு போன் சார்ஜர், டிரிம்மர், 750 வாட்ஸ் மிக்ஸி, 1000 வாட்ஸ் அயன் பாக்ஸ் எடுத்துட்டுப் போறான். தர்மபுரி கடையில ஒரு யுனிவர்சல் அடாப்டரைக் காட்டி, "ஐரோப்பா முழுக்க இதான், கூடவே ஒரு கன்வெர்ட்டரும் வாங்கிக்குங்க"ங்கிறாங்க. ரெண்டும் வேணுமா? திரும்பி வரும்போது குட்டிகளுக்குப் போடுற ஹீட் லேம்ப் ரெண்டு வாங்கிட்டு வரலாம்னு இருக்கான், அது நம்ம கரண்ட்ல எரியுமா?

காவேரிப்பட்டணம்_ஒயர்மேன்
வோல்ட்டை மாத்துற கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாங்க. அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மாறுறது ஓட்டை மட்டும்.

டென்மார்க் பிளக் பாயிண்ட் கே டைப். மேல ரெண்டு வட்ட ஓட்டை, அடியில எர்த்துக்கு அரை நிலா மாதிரி ஒரு ஓட்டை. பன்னி சிரிக்கிற மாதிரியே இருக்கும், தம்பி பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவான். ஜெர்மனியோட எஃப் டைப்புல எர்த் கம்பி பக்கவாட்டுல இருக்கு. அந்த பிளக் டென்மார்க் ஓட்டையில நல்லாவே உக்காரும், கரண்டும் வரும், ஆனா எர்த் மட்டும் எங்கயும் படாது. "ஐரோப்பா முழுக்க இதான்"னு விக்கிறதுல இருக்கிற சிக்கல் இதான். அயன் பாக்ஸ்ல உள்ள எலிமென்ட் பாடியைத் தொட்டுச்சுன்னா கை வச்சவனுக்கு ஷாக்.

அதனால எர்த் பின்னோட கே டைப்னு போட்டிருக்கிற அடாப்டரா பாருங்க. கொஞ்ச வருஷமா சில கட்டிடத்துல பிரான்ஸ் மாதிரி எர்த் கம்பி வெளிய நீட்டிட்டு இருக்கிற ஈ டைப்பும் போடுறாங்க. தங்கப் போற ரூம் பாயிண்ட்டை முதல்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டு வாங்குங்க.

லேப்டாப், போன் சார்ஜர்ல "100-240V~ 50/60Hz"னு பொடி எழுத்துல இருக்கும். இருந்தா உலகம் பூரா ஓடும். டிரிம்மர், போன் சார்ஜர்ல சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட குறி இருந்தா எர்த்தே தேவையில்ல.

ஓசூர்_சிப்காட்_ஷிஃப்ட்
ஆளை விட பன்னி ஜாஸ்தி இருக்கிற நாடுங்க அது. பிளக் பாயிண்ட்டும் அதே ஜாடையில இருக்கிறதுல தப்பில்ல :)

மிக்ஸி பத்தி ஒண்ணு சொல்லணும். 750-ஐ 230-ல வகுத்தா 3.26 ஆம்பியர். அடாப்டர்ல அந்தப் பக்கம் ஒல்லியான ரெண்டு பின் (4 மி.மீ.) மட்டும் இருந்தா அது சி டைப், 2.5 ஆம்பியர் வரைக்கும்தான், அதாவது 575 வாட்ஸ். அதுல மிக்ஸியைப் போட்டு தோசை மாவு அரைச்சா பின்னோட அடி பழுத்து பிளாஸ்டிக் இளகும். லேசா மீன் வாடை மாதிரி வந்தா அப்பவே கழட்டிடணும். 10 ஆம்பியருக்குக் குறையாம போட்டிருக்கிறதா வாங்குங்க.

நம்ம த்ரீ பின்னோட லைன் பின் தடிமன் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல, அங்க 4.8. சில பேர் எர்த் பின்னை வெட்டிட்டு அமுக்கி அடிச்சு ஏத்துவாங்க. உள்ள இருக்கிற ஸ்பிரிங் விரிஞ்சிடும், அப்புறம் எந்த பிளக் போட்டாலும் லூஸ், லூஸ் ஆனா சூடு.

வழியில துபாய்ல இறங்கினா அங்க லண்டன் மாதிரி ஜி டைப், மூணும் பட்டையான பின். எர்த் ஓட்டையில பேனாவை விட்டு மூடியைத் திறந்து டூ பின்னைச் சொருகுற பழக்கம் நம்மாளுங்களுக்கு உண்டு, அதைச் செய்யவே வேண்டாம்னு தம்பிகிட்டச் சொல்லிடுங்க. வட்டப் பின் அந்தப் பட்டை ஓட்டையில ஒரு ஓரத்துலதான் தொடும், பொறி பறக்கும்.

மொரப்பூர்_ரயிலடி
இதே மிக்ஸியை அக்கா அமெரிக்காவுக்குக் கேக்குறாங்க. அடாப்டர் போட்டா ஓடுமாண்ணா?

காவேரிப்பட்டணம்_ஒயர்மேன்
ஓடாதும்பேன். அங்க 120 வோல்ட். சூடு பண்ற சாமான் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலதான் வேலை செய்யும்: 1000 வாட்ஸ் அயன் பாக்ஸ் 270 வாட்ஸுக்கு இறங்கிடும். மிக்ஸி மெதுவா சுத்தும், தேங்காயைப் போட்டா நின்னுடும், நின்ன மோட்டார்ல காயில் கருகிடும். 120-ஐ 230 வோல்ட்டா ஏத்துற ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் கிலோ கணக்குல கனம். 110 வோல்ட் மாடல்னே இங்க மிக்ஸி விக்குது, அதை வாங்கிக் கொடுங்க.

வெண்பன்னி_பாலக்கோடு
ஹீட் லேம்புக்கு வரேன். அங்க வாங்குற 230 வோல்ட் லேம்ப் இங்க தாராளமா எரியும். மரை வச்ச இ27 பல்புதான் வரும். நம்ம வீட்டுல இருக்கிற பின் ஹோல்டர்ல ஏறாது, மரை ஹோல்டர் வாங்கணும், அதுவும் பீங்கான்லதான். 250 வாட்ஸ் சூட்டுக்கு பிளாஸ்டிக் ஹோல்டர் இளகி பல்பு வைக்கோல்ல விழும், கொட்டகையே போயிடும். ஒயர்ல தொங்க விடாம சங்கிலியில கட்டுங்க. குட்டி போட்ட முதல் வாரம் குட்டி படுக்கிற இடத்துல 32-லிருந்து 34 டிகிரி வேணும். குட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சு படுத்தா குளிர், விலகி ஓரமாப் படுத்தா சூடு ஜாஸ்தி. தெர்மாமீட்டரை விட குட்டி சரியாச் சொல்லும்.

ஓசூர்_சிப்காட்_ஷிஃப்ட்
பன்னிக்கு எர்த் வேணாங்க, நாலு காலும் ஈரத்துலயே நிக்குது :)

வெண்பன்னி_பாலக்கோடு
அதேதாங்க ஆபத்து! ஈரத் தரையில நாலு காலும் ஊனி நின்னுக்கிட்டு வாயால ஒயரைக் கடிக்கும். மனுசனுக்குச் சுருக்குன்னு போற ஷாக்குல பன்னி செத்தே போகும். ஆட்டமா ஆடுற தாய்ப்பன்னி மூக்கை நீட்டினாலும் எட்டாத உயரத்துல ஒயர் போகணும், எட்டுற இடத்துல இரும்புக் குழாய்க்குள்ள போகணும். பண்ணை லைனுக்குத் தனியா 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) போட்டு, மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. மூத்திர ஆவியில பிளக்கோட பித்தளை பச்சை பூத்துடும், அதனால பிளக் பாயிண்ட்டைக் கொட்டகைக்கு வெளிய வைங்க.

ஒகேனக்கல்_சாரல்
ரொம்ப நன்றிண்ணா. லேம்ப் ஒயர்ல இருக்கிற டென்மார்க் பிளக்கை வெட்டிட்டு நம்ம த்ரீ பின் போட்டுக்கலாமா?

காவேரிப்பட்டணம்_ஒயர்மேன்
தாராளமா. பிரவுன் கலர் லைன், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த், அது பெரிய பின்னுக்குப் போகணும். மரை ஹோல்டர்ல லைன் நடு அடிப்புள்ளிக்கு வரணும், நியூட்ரல் சுத்து மரைக்கு. மாத்திப் போட்டா பல்பைக் கழட்டும்போது விரல் லைன்ல படும். பிளக்குக்குள்ள எர்த் ஒயரை மத்த ரெண்டையும் விட ஒரு சென்டிமீட்டர் நீளமா விடுங்க. பன்னி ஒயரை இழுத்தாலும் கடைசியாப் பிடுங்கிட்டு வர்றது எர்த்தா இருக்கணும்.