அண்ணாவின் குடியை வீட்டிலேயே நிறுத்தலாமா?

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி:
அண்ணாவுக்கு 46 வயசு. புறக்கோட்டையில மொத்தக் கடை ஒண்டில கணக்கு எழுதுறவர். முந்தி சம்பள நாளில மட்டும்தான் குடி. இப்ப காலமை பேனை பிடிக்கேலாமல் கை நடுங்குது. கால் போத்தல் சாராயம் உள்ள போனால்தான் எழுத்து நேரா வருது.

போன போயாவுக்கு, அதான் பௌர்ணமி லீவுக்கு, பார் பூட்டு. அவர் முதல் நாளே வாங்கி ஒளிச்சு வச்சதை அண்ணி கண்டுபிடிச்சு ஊத்திப்போட்டா. பின்னேரம் சட்டை பிழியிற அளவுக்கு வேர்வை. இரவு சுவரில பூச்சி ஊருது எண்டு துவாயால அடிச்சுக்கொண்டு நிண்டார். சுவரில ஒண்டுமே இல்லை. சின்னவன் கதவுக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருந்தான். கடைசியில ஆரோ கசிப்பு, அதான் கள்ளச்சாராயம், கொண்டந்து குடுத்தாப் பிறகுதான் படுத்தார்.

வெசாக் லீவுக்கு அறையில போட்டுப் பூட்டிவைப்பம் எண்டு அண்ணி நிக்கிறா. அம்மா செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறா. முதலாளிக்குப் போன் எடுத்து "காய்ச்சல்" எண்டு என்னைச் சொல்லச் சொல்லுகினம். என்ன செய்யிறது?

வத்தளை நர்ஸ்:
தங்கச்சி, தயவுசெய்து பூட்டி வைக்காதீங்க. நான் வார்ட்டில வேலை செய்றேன், இதைப் பார்த்திருக்கிறேன். வருசக்கணக்கா தினமும் குடிக்கிறவர் சடார்னு நிறுத்தினா, சாராயத்துக்குப் பழகின மூளை கட்டுமீறும். சில மணித்தியாலத்துல நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். மூணு நாள் போகும்போது நினைவு தடுமாறி, காய்ச்சல் ஏறி, உயிரே போகலாம். இல்லாத பூச்சி தெரிஞ்சதே, அது பெரிய எச்சரிக்கை.

ஆஸ்பத்திரியில டயசிபாம் மாதிரி மருந்தைக் கொடுத்து, சில நாள்ல படிப்படியாக் குறைப்பாங்க. தயமின், அதாவது விட்டமின் பி1, ஊசியும் போடுவாங்க. பக்கத்து டிஸ்பென்சரியில "சேலைன் ஒண்டு ஏத்தினாச் சரி"ன்னு நிக்காதீங்க; தயமின் இல்லாம குளுக்கோஸ் மட்டும் ஏத்துறது இவங்களுக்கு ஆபத்து. பெரியாஸ்பத்திரியிலயோ அங்கொடை மனநல நிறுவகத்திலயோ காட்டுங்க. மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுத்தும் கேக்கலாம். வலிப்பு வந்தாலோ ஆள் பிதற்றத் தொடங்கினாலோ உடனே 1990க்கு எடுங்க, அந்த அம்புலன்ஸ் இலவசம்.

டொக்டரைப் பார்க்கும் வரைக்கும் போத்தலைப் பிடுங்கி ஊத்த வேணாம். அண்ணிக்கு இதைக் கேக்கவே கஷ்டமா இருக்கும், தெரியும்.

வெள்ளவத்தை அக்கா:
நர்ஸ் சொன்னதை அப்பிடியே செய்யுங்கோ பிள்ளை. இனி ஆரும் வந்து, சாப்பாட்டில தெரியாமல் கலக்கிற தூள் இருக்கு எண்டுவினம். வாங்கிப்போடாதேங்கோ. குடிச்சால் சத்தி வரப்பண்ணுற குளிசை டைசல்பிராம் எண்டு உண்மையாவே இருக்கு. ஆனால் அது, டொக்டர் சோதிச்சு, குடிக்கிறவர் சம்மதிச்சுப் போடுறது. தெரியாமல் குடுத்து, அவர் மேல குடிச்சால் நெஞ்சையே பாதிக்கும்.

முதலாளிக்குக் காய்ச்சல் எண்டு சொல்லாதேங்கோ. என்ர மனுசனுக்காக வீட்டில எல்லாரும் பொய் சொல்லிச் சொல்லி, அவருக்கு வேலை போற பயமே இல்லாமல் போச்சு. நான் கடனும் கட்டமாட்டன், பொய்யும் சொல்லமாட்டன், சோறு மட்டும் எப்பவும் இருக்கும் எண்டு சொன்னன். அதுக்குப் பிறகுதான் கிளினிக்குக்கு வாறன் எண்டார். ஹோர்டன் பிளேசில, சுமித்ரயோ எண்ட தொண்டு அமைப்பு நடத்துற மெல் மெதுர எண்ட குடி, போதை ஆலோசனை நிலையம் இருக்கு. அண்ணா வராட்டியும் நீங்களும் அண்ணியும் போய்க் கதையுங்கோ. சின்னவனோடயும் ஆராவது இருந்து கதைக்க வேணும், அவன் அண்டைக்கு எல்லாத்தையும் பாத்திருக்கிறான்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி:
அண்ணியிட்ட வாசிச்சுக் காட்டினன். அழுதிட்டா, பூட்டுற கதையை விட்டிட்டா. அண்ணா "ஒருக்காப் பாப்பம்" எண்டிருக்கிறார். அண்ணிக்குச் சிங்களம் ஓடாது, நான் லீவு போட்டுக்கொண்டு போறன். என்ன எடுத்துக்கொண்டு போகவேணும்?

வத்தளை நர்ஸ்:
அடையாள அட்டை, பழைய மருந்துத் துண்டு எல்லாம். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியா எத்தனை மணிக்குக் குடிச்சார், போயா ராத்திரி என்ன நடந்திச்சு, இதெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கையில வச்சிருங்க. குறைச்சு எழுதாதீங்க, மருந்தின் அளவை அதைப் பார்த்துத்தான் போடுவாங்க.